கரைப்பறவைகளும் கலைப்பாரற்ற புகலிடங்களும்

வடதுருவத்தை அடுத்த நிலங்களிலே கோடையிற் குஞ்சு பொரிக்கும் உள்ளான், கோட்டான், மூக்கான் முதலிய கரைப்பறவைகள், குளிர் வருமுன் வெப்பநாட்டுக் கரைகளை நோக்கிப் புறப்படுகின்றன. மாரியில் மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகளில் நாம் காணும் பறவைகளுட் பலவும் இத்தகையனவே. வந்து தங்கும் இடத்தில் எவரும் கலைக்காதிருத்தல் இவற்றின் தொகைக்கு எவ்வாறு துணைசெய்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கரைப்பறவையின் நாளைக் கடலின் வற்றுப்பெருக்கே வகுக்கின்றது. நீர் வற்றும்போது அது சேற்றுவெளியிற் சிப்பியும் புழுவும் தேடி உண்ணும். நீர் பெருகும்போது மணற்றிட்டுகளிற் கூட்டமாக இளைப்பாறும். மனிதரோ படகோ நெருங்குந்தோறும் கூட்டம் எழுந்து பறக்கின்றது. அதனால் உண்ணும் நேரம் குறைகின்றது. சேமித்த கொழுப்பும் கரைகின்றது. வரவு சுருங்கிச் செலவு பெருகிய குடும்பத்தின் நிலையே அதன் நிலையுமாகும். இரை நிறைந்த வெளியாயினும், கலைப்பார் மிகின், அது பறவைக்குப் பயன்படாது.

இவ்வுண்மைக்கு ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள மொரித்தானியா நாடு சிறந்த சான்றாகும். அங்கு 1976 இல் 'பாங்க் தார்கென்' என்னும் தேசியப் பூங்கா ஏறக்குறைய 12,000 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்பில் அமைக்கப்பட்டது. பூங்காவினுள் மீன்பிடிக்கும் உரிமை அங்கு வாழும் இம்ராகென் மக்களுக்கே உண்டு. அவர்களும் பாய்மரப் படகுகளையே பயன்படுத்துதல் வேண்டும். 1980 களில் எடுத்த கணக்குகளின்படி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கரைப்பறவைகள் அங்கே மாரியைக் கழித்தன. மக்களை அகற்றாமலே அமைதியைப் பேணலாம் என்பதும் இதனாற் புலனாகும்.

ஆயின், புகலிடம் ஒன்றே போதுமோ? போதாது. அத்தகைய காவல் இருந்தும் பிற்காலத்தில் அங்கு வரும் சில இனங்கள் குறைந்தன. 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று, சைபீரியாவின் தைமீர்ப் பகுதியில் பனி முன்னரே உருகுவதால் உள்ளான் இனமொன்றின் குஞ்சுகள் இரை குன்றிச் சிறுத்து, குறுகிய அலகுடன் வளர்கின்றன எனக் காட்டியது. அவை மொரித்தானியாவை அடைந்தபின், சேற்றில் ஆழப் புதைந்த சிப்பிகளை எட்டமாட்டாமல் மடிகின்றன. பிறந்த நிலத்தில் நேர்ந்த குறையைப் புகுந்த நிலத்தின் அமைதி ஈடுசெய்ய இயலவில்லை.

எனவே, கலைப்பாரற்ற புகலிடம் பறவையின் வாழ்க்கைச் சங்கிலியில் ஒரு கண்ணியே. எனினும் அஃதின்றேல் சங்கிலி இல்லை. துருவத்தின் வெப்பத்தைத் தணித்தல் ஒரு நாட்டால் மட்டும் ஆவதன்று. தன் கரையில் வந்திறங்கிய பறவையைக் கலைக்காது விடுதலோ ஒவ்வொரு நாட்டுக்கும் இயல்வதே.