மேற்கோள் எண்ணிக்கையும் தமிழாய்வின் தாக்கமும்

ஓர் ஆய்வுரையைப் பிற ஆய்வாளர் எத்தனை முறை எடுத்தாண்டுள்ளனர் எனக் கணக்கிட்டு, அதன் தாக்கத்தை அறியும் முறை மேற்கோள் பகுப்பாய்வு எனப்படும். 1955இல் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்த கருத்து 1964இல் அறிவியல் மேற்கோள் அடைவாக வடிவம் பெற்றது. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் எச் சுட்டெண்ணை வகுத்தார். ஒரு துறையின் கட்டுரைகளுள் பத்து மட்டும் பத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்று, ஏனையவை அவ்வளவை எட்டாதிருப்பின், அத்துறையின் சுட்டெண் 10 ஆகும்.

பல்கலைக்கழகத் தரவரிசையிலும் பதவி உயர்விலும் இவ்வெண்கள் இடம்பெறுவதால், இவை எதனை அளக்கின்றன என்பதை நாம் ஆராய்தல் வேண்டும். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் தாம் தேர்ந்துகொண்ட வெளியீடுகளில் காணும் மேற்கோள்களையே எண்ணுகின்றன. அவற்றுள் ஆங்கில ஆய்விதழ்களே மிகுதி. ஒரு தமிழ் நூலை மற்றொரு தமிழ் நூல் எடுத்தாளும்போது அது பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. காலமும் ஒரு தடையாகும். இதழ்த் தாக்கக் காரணி முந்தைய ஈராண்டுக் கட்டுரைகளையே கருதுகிறது; இலக்கிய ஆய்வோ பல்லாண்டுகள் கழித்தும் பயன்தருவது. 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டில் படிக்கப்பெற்ற கட்டுரைகளின் பயனை ஈராண்டு அளவுகோலால் அளந்துவிட இயலாது.

எனினும், குறை முழுவதும் தரவுத்தளங்களுடையதன்று. அம்மாநாட்டிற்கு முன்னின்றுழைத்தவரும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக விளங்கியவருமான தனிநாயக அடிகளாரின் பெயரையே நோக்குவோம். சேவியர் தனிநாயகம், தனிநாயக அடிகள் என அவர் பலவாறு குறிக்கப்படுகிறார். உரோமன் எழுத்தில் அவர் பெயர் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் காணப்படுகிறது. எண்ணும் கணினிக்கு இவர்கள் வெவ்வேறு மனிதர்கள். இனி, ஆண்டும் பக்கமும் சுட்டாது ‘அறிஞர் கூறுவர்’ என எழுதிச் செல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அத்தகைய மேற்கோளை எந்த அடைவும் கண்டறிய இயலாது. முன்னோர் உழைப்பும் அதனால் மறைகிறது.

ஆகவே, ஆய்வாளர் தம் பெயரை என்றும் ஒரே வடிவில் எழுதுவதும், நூல் விவரங்களை முழுமையாகத் தருவதும், இப்பழக்கத்தை மாணவர்க்கு ஆசிரியர் பயிற்றுவதும் உடனடித் தேவைகளாகும். 2015இல் வெளியான லெய்டன் அறிக்கை, எண்கள் அறிஞர்தம் மதிப்பீட்டிற்குத் துணையாதல் வேண்டுமென்றும், வட்டாரச் சிறப்புடைய ஆய்வுகள் காக்கப்படல் வேண்டுமென்றும் வலியுறுத்துகிறது. நம் மேற்கோள்களை முதலில் நாம் செம்மை செய்துகொண்டாலன்றி, அப்பாதுகாப்பைக் கோரும் தகுதி நமக்கு முழுமையாக வாய்க்காது.