ராத்திரி கடை சாத்தும்போது கம்ப்யூட்டரை என்ன செய்வது?

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ஷட்டர் இறக்கும் நேரத்தில் ஒரு சந்தேகம் எழும். பில் போடும் கம்ப்யூட்டரை அணைப்பதா, அப்படியே விட்டுவிட்டுப் போவதா? தினமும் அணைத்துப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பார் ஒருவர். விட்டால் கரண்டு பில் எகிறும் என்பார் அடுத்தவர். இதைத் தீர்க்க, அதே தெருவில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுக்களைக்குள் போனால் போதும்.

பின்கட்டில் சரக்கறை: அரிசி, பருப்பு, மிளகாய். அதுதான் ஹார்ட் டிஸ்க். கரண்டு போனாலும் மூட்டைக்கு ஒன்றும் ஆகாது. முன்னால் சமையல் மேடை, அதுதான் ராம். சரக்கு மாஸ்டர், அதாவது பிராசசர், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எல்லாம் மேடையில் இருக்கும். ஆனால் மேடையில் இருப்பது சரக்கறைச் சாமான் போலக் கிடக்காது. அடுப்பில் வைத்த பால் மாதிரி. ராமில் ஒவ்வொரு எழுத்தும் மிகச் சிறிய மின்னேற்றங்களாக நிற்கிறது, அவை நின்றபடியே கசிகின்றன. அதனால் சாதாரணமாக 64 மில்லிவினாடிக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். கிண்டுகிற கை நின்றால் பால் போச்சு.

ஸ்லீப் போடும்போது மாஸ்டர் படுக்கப் போகிறார், பெரிய அடுப்புகள் அணைகின்றன. மேடையைக் கலைப்பதில்லை. ஒரு பையன் மட்டும் சிறு தீயில் பாலைக் கிண்டிக்கொண்டு விழித்திருக்கிறான். அவன் கூலி பெரும்பாலும் இரண்டு மூன்று வாட்டுக்குள் முடிந்துவிடும். காலையில் வந்தால் விட்ட இடத்திலிருந்து வேலை. நடுராத்திரி கரண்டு போனால்? லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, கவலையில்லை. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் சேமிக்காத பில் அத்தனையும் திரிந்துவிடும். ஹைபர்நேட் இதைவிடக் கெட்டிக்காரத்தனம். மேடையில் இருந்ததை டப்பாவில் அடைத்து, எது எங்கே இருந்தது என்று குறித்துச் சரக்கறையில் வைத்துப் பூட்டிவிடும். கரண்டே வேண்டாம்.

ஷட் டவுன் என்றால் எல்லாவற்றையும் கொட்டி மேடையைக் கழுவுவது என்றுதான் நினைப்போம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அப்படியில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்திருந்த புரோகிராம்கள் மட்டும்தான் கழுவப்படும். விண்டோஸின் அடிப்படைப் பகுதியான கெர்னல், நேற்று அரைத்த மசாலா போல டப்பாவில் போய் உட்கார்ந்து, காலையில் அப்படியே திரும்ப வரும். சீக்கிரம் கடை திறக்க அது ஒரு வழி. மசாலா கெட்டிருந்தால் கெட்டதுதான் வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அம்மியைக் கழுவிப் புதிதாக அரைக்கிறது. பத்து நாள் ஒழுங்காக ஷட் டவுன் செய்தும் தீராத பிரின்டர் தகராறு ஒரே ரீஸ்டார்ட்டில் தீர்வதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசாகக் கழுவிவிடும்.

கழுவாமலே ஓட்டினால் என்ன? எடுத்த பாத்திரத்தைத் திருப்பி வைக்காத புரோகிராம்களால் மேடை மெல்ல மெல்ல நிறையும். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இன்னொரு வேடிக்கை இருந்தது. கம்ப்யூட்டர் போட்டதிலிருந்து ஓடிய மில்லிவினாடிகளை எண்ணும் கணக்கு 49.7 நாளில் நிரம்பி, கம்ப்யூட்டர் உறைந்துவிடக்கூடும். விமானத்திலும் இதே மாதிரி கோளாறு இருந்திருக்கிறது. போயிங் 787இல் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் செயலிழக்கலாம் என்று தெரிந்ததும், அவ்வப்போது மின்சாரத்தை முழுக்க அணைத்துப் போடும்படி 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. நம் பில் மெஷினுக்கு வாரம் ஒரு ரீஸ்டார்ட் தாராளம்.

அணைத்துப் போட்டால் கெடும் என்ற பேச்சுக்கு வருவோம். பழைய சுழலும் டிஸ்க்குகளுக்கே 50,000 தடவை நின்று கிளம்பலாம் என்று கணக்குச் சொல்வார்கள். தினம் ஒரு தரம் என்றால் ஏறத்தாழ 137 வருஷம். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை. நிஜமான எதிரி சூடு. பவர் சப்ளையில் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். ஷட்டர் இறங்கி, ஃபேன் நின்று, வேர்க்கும் கடைக்குள் ராத்திரி முழுக்க ஓடும் பெட்டிக்கு அது நல்லதில்லை. பணக் கணக்கும் இருக்கிறது. சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் ராத்திரி 8 மணி முதல் காலை 10 வரை ஓடினால் மாதம் 25 யூனிட்.

ஆனால் திருவனந்தபுரத்தில் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது இடி. கோடைமழையிலும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையிலும் சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டினால் போதும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை மின்னல் ஆபத்து அதிகம், மின்சாதனங்களைக் கழற்றி வையுங்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை விடுவது வழக்கம். கடை சாத்தும் நேரமும் அதற்குள்தான் வருகிறது. இதற்கு ஷட் டவுன் போதாது. அணைத்த கம்ப்யூட்டரிலும் பவர் சப்ளை ஐந்து வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். பின்புறம் நெட்வொர்க் விளக்கு மினுக்குவது அதனால்தான். சுவரில் ஸ்விட்சை அணைத்தாலும் ஒரு கம்பிதான் அறும். பிளக்கையே பிடுங்க வேண்டும், பிராட்பேண்ட் செம்புக் கேபிளையும் சேர்த்து. அப்படியே, மழைவெள்ளம் உள்ளே வந்தாலும் நனையாதபடி பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டூலில் வைத்துவிடுங்கள். தம்பானூர், கிழக்கேகோட்டைப் பகுதிகளில் வெள்ளம் தேங்குவதைத் தடுக்க 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று ஓடைகளைத் தோண்டித் துப்புரவாக்கினார்கள்தான். நான் இன்னும் ஸ்டூலைத்தான் நம்புகிறேன்.

ஆக டெஸ்க்டாப் என்றால் ராத்திரி ஷட் டவுன், மழைக்காலத்தில் பிளக்கும் வெளியே. லேப்டாப்புக்கு ஸ்லீப் போதும். கேமராப் பதிவுப் பெட்டி மட்டும் ராத்திரி முழுக்க ஓடியே ஆக வேண்டும். அதற்கு இருபத்து நாலு மணி நேரமும் ஓடுவதற்கென்றே செய்த டிஸ்க் கிடைக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் அதைச் செருகாதீர்கள். அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள்.