டம்பர் ஓடும் ரோடு: சுரங்கத்தில் உயிரையும் டீசலையும் காப்பாற்றுவது எது?

திறந்தவெளிச் சுரங்கம் என்றாலே வெடி வைப்பதும் பாறை சரிவதும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவின் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் நடக்கும் மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று டம்பர், டிப்பர் விபத்துகள். டிரைவர் தூங்கிட்டார், பிரேக் பிடிக்கலை என்று செய்தி வரும். அந்த வண்டி ஓடிய ரோடு எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

இத்தனைக்கும் இந்த ரோடு சும்மா மண்ணைத் தள்ளிப் போடும் வேலை இல்லை. அதற்கென்று தனிக் கணக்கே இருக்கிறது. என்னவென்று பார்ப்போம்.

நெய்வேலியில் இந்தப் பிரச்னை இருக்கா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பெரும்பாலும் சக்கர வடிவ ராட்சத இயந்திரங்கள் வெட்டுகின்றன. கன்வேயர் பெல்ட் மேலே கொண்டு வந்துவிடுகிறது. ஆனால் சத்தீஸ்கரின் கெவ்ரா போன்ற நிலக்கரிச் சுரங்கங்களில் 240 டன் சுமக்கும் டம்பர்கள் ஓடுகின்றன. நம்ம ஊர் கல்குவாரிகளிலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் டிப்பர், டம்பர்தான் கதி. பள்ளத்துக்குள் இறங்கி, லோடு ஏற்றி, மேலே ஏறி வர ஒரே வழி அந்த ரோடுதான்.

எவ்வளவு அகலம் வேண்டும்?

100 டன் டம்பர் ஒன்றின் அகலம் சுமார் 6 மீட்டர். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போகும் ரோடு, அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியைப் போல 3 மடங்காவது இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வழக்கமாக வைக்கும் நிபந்தனை. அப்படியானால் 18 மீட்டர். அமெரிக்க சுரங்கத்துறை 1977-ல் வெளியிட்ட கையேடு மூன்றரை மடங்கு கேட்கிறது. அதாவது 21 மீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு லேன் மூன்றரை மீட்டர் என்றால், இது ஆறு லேனுக்குச் சமம்! வளைவில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இவ்வளவு எதற்கு? டம்பர் டிரைவர் ஒரு மாடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டிக்கு முன்னாலும் வலப்பக்கமும் இடப்பக்கமும் தரையில் பல மீட்டர் தூரம் அவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஜீப்பும் தெரியாது. அதனால்தான் சுரங்கத்துக்குள் வரும் சிறிய வண்டிகளில் நீளமான கம்பியில் கொடி கட்டுகிறார்கள்.

ஏற்றம்: 16-க்கு 1

16 மீட்டர் போனால் 1 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, சிறிய தூரத்துக்கு மட்டும் 10-க்கு 1 வரை போகலாம் என்பது இந்தியாவில் வழக்கமான நிபந்தனை. இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது.

100 மீட்டர் ஆழப் பள்ளத்துக்கு 10-க்கு 1 ஏற்றத்தில் போட்டால் ரோடு 1,000 மீட்டர். 16-க்கு 1 என்றால் 1,600 மீட்டர். நீளமும் அகலமும் கூடக் கூட, விலைபோகாத மண்ணையும் பாறையையும் அதிகம் வெட்டித் தள்ள வேண்டும். 'கொஞ்சம் செங்குத்தா, கொஞ்சம் குறுகலா போட்டுக்கலாம்' என்கிற ஆசை வருவது இதனால்தான். அந்த மிச்சத்துக்கான விலையை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது டிரைவர் கொடுக்கிறார்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகரும். ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், பிரேக் பிடிக்கத் தொடங்க 3 நொடி ஆனாலே 33 மீட்டர் போச்சு. வண்டி நிற்கும் தூரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று அவ்வளவு தூரத்துக்கு முன்பே தெரியும்படி ரோடு இருக்கணும்.

ஓரத்து மண்கரை எதற்கு?

பள்ளத்தின் பக்கம் கரை மாதிரி மண்ணைக் குவித்திருப்பார்கள். அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் அச்சு உயரத்துக்காவது, அதாவது சக்கரத்தின் பாதி உயரத்துக்காவது இது இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. 100 டன் டம்பரின் டயர் சுமார் 2.7 மீட்டர் என்பதால், கரை 1.35 மீட்டர் வேண்டும்.

முழு வேகத்தில் வரும் வண்டியை இந்தக் கரை நிறுத்திவிடாது. ஓரம் வந்துவிட்டது என்று உணர்த்தி, சக்கரத்தைத் திருப்பிவிடும். டிரைவருக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. மழையில் கரைந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட கரை, இருந்தும் இல்லாத கரைதான்.

பிரேக் போன வண்டிக்காக இன்னொரு ஏற்பாடும் உண்டு. இறக்கத்தில் ரோட்டுக்கு நடுவே இளகிய மண்ணை நீளமாகக் குவித்து வைப்பார்கள். வண்டியை அதன் மேல் ஏற்றினால் அடிப்பகுதி மண்ணில் உரசி வேகம் குறையும்.

நல்ல ரோடு டீசலை எப்படி மிச்சம் செய்யும்?

டயர் மண்ணில் புதையப் புதைய வண்டியை இழுப்பது கஷ்டம். ரோடு 1 சதவீதம் கூடுதலாக 'பிடித்து இழுத்தால்', அது 1 சதவீதம் கூடுதல் ஏற்றத்தில் ஏறுவதற்குச் சமம். டயர் 1 செ.மீ. புதைந்தாலே சுமார் 0.6 சதவீதம் கூடிவிடும்.

கெட்டியான ரோட்டில் இந்த இழுப்பு 2 சதவீதம். லோடோடு 160 டன் எடையுள்ள டம்பர் சமதரையில் ஓட 3.2 டன் விசை வேண்டும். சேறும் குழியுமான ரோட்டில் அது 5 சதவீதமானால் 8 டன். அதே லோடு, அதே தூரம், இரண்டரை மடங்கு இழுவை! திறந்தவெளிச் சுரங்கத்தின் இயக்கச் செலவில் கிட்டத்தட்ட பாதி வரை போக்குவரத்துக்கே போகலாம் என்பதால், ரோட்டைச் சமன்படுத்தும் கிரேடரின் செலவு வீண் செலவே இல்லை.

தண்ணீர்தான் நண்பன், எதிரி

ரோட்டில் தண்ணீர் தேங்கினால் அடித்தளம் இளகிவிடும். அதனால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடும்படி 2 முதல் 3 சதவீதம் சாய்வும் பக்கத்தில் வாய்க்காலும் வேண்டும். கோடையில் நிலைமை தலைகீழ். புழுதி எதிரே வரும் வண்டியை மறைக்கும். கல்குவாரிப் புழுதியில் இருக்கும் சிலிகா நுரையீரலையே கெடுக்கும். தண்ணி லாரி தெளிக்கணும். அதையும் அளவாகத் தெளிக்கணும். இறக்கத்தில் சொதசொதவென்று நனைத்தால் டயர் வழுக்கும்.

எதைப் பார்த்தால் தெரியும்?

ஒரு சுரங்க ரோடு சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை. ஓரத்துக் கரை சக்கரத்தின் பாதிக்கு வருகிறதா, எதிரே வண்டி வந்தால் இரண்டும் நிற்காமல் கடக்க முடிகிறதா, டயர் தடம் பள்ளமாக விழுகிறதா, கொட்டிய கல் ரோட்டிலேயே கிடக்கிறதா? இந்த நாலும் தினமும் அந்த ரோட்டில் போகும் டிரைவருக்கு நன்றாகவே தெரியும். அவர் சொல்வதைக் கேட்டு, அன்றைக்கே கிரேடரை அனுப்புகிற குவாரியில்தான் அடுத்த ஷிஃப்ட் பத்திரமாக மேலே ஏறி வரும்.