தீருவில் சேர்ந்த மணல், புகாரில் கரையும் கரை

தருமபுரியில் பஸ் ஏறி, இண்டூர், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலில் இறங்குகிறவர்களுக்கு எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும் பரிசல் சவாரியும்தான் குறி. பாறைகளுக்கு நடுவே பாயும் அந்தத் தண்ணீர் எவ்வளவு மணலையும் வண்டலையும் சுமந்து போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் அது. காவிரி கடலைத் தொடும் இடத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு செழித்திருந்த காவிரிப்பூம்பட்டினம் என்னும் புகாரின் கதையில் பாதி, அந்த வண்டலின் கதை.

புகாரைப் புரிந்துகொள்ள, முதலில் லெபனான் வரை போய்வர வேண்டும். தீரு, பினீசியர்களின் பெருமைமிக்க துறைமுகம். முரெக்ஸ் என்னும் கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் அதன் அடையாளம். விவிலியத்தின் எசேக்கியேல் நூல், 27ஆம் அதிகாரத்தில் தீருவின் சந்தைக்கு வந்த சரக்கையெல்லாம் வரிசைப்படுத்துகிறது: வெள்ளி, இரும்பு, ஈயம், குதிரைகள், யானைத் தந்தம், கோதுமை, தேன், நறுமணப் பொருள்கள். அதைப் படிக்கும் தமிழருக்குப் பட்டினப்பாலை நினைவுக்கு வராமல் இருக்காது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் புகாரின் தெருக்களில் குவிந்து கிடந்ததை இப்படித்தான் சொல்கிறார்: கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, மேற்கு மலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைச் சமவெளியின் பொருள், ஈழத்து உணவு, கூடவே காவிரியால் விளைந்தவை. புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் வாங்கியதும் அதில் உண்டு. ஒரு நகரம் பணக்கார நகரமானால் புலவனும் தீர்க்கதரிசியும் செய்யும் முதல் வேலை பட்டியல் போடுவதுதான் போலிருக்கிறது. இரண்டாவது வேலை, அதைக் கடலில் மூழ்கடிப்பது. எசேக்கியேல் தீருவை நடுக்கடலில் அமிழ்த்துகிறார். மணிமேகலை, இந்திர விழாவை மறந்த குற்றத்துக்காகப் புகாரைக் கடல் கொண்டதாகச் சொல்கிறது.

நிலவியல் சொல்லும் கதை வேறு. தீரு அப்போது ஒரு தீவு. கி.மு. 332இல் அலெக்சாந்தர் ஏழு மாதம் முற்றுகையிட்டு, கரையிலிருந்து தீவுவரை கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டார். கடலுக்குள் அப்படி ஒரு பாதை எப்படிச் சாத்தியம்? நிக் மரினரும் அவரது சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. தீவு அலையைத் தடுத்ததால் அதன் பின்புறம் மணல் தானாகவே படிந்து, தண்ணீருக்கு ஓரிரு மீட்டர் அடியில் ஒரு திட்டு ஏற்கெனவே உருவாகியிருந்தது. படைகள் அதன்மேல் கட்டின. பாதை வந்தபின் மணல் இன்னும் வேகமாகச் சேர்ந்தது. தீரு இன்று தீவு இல்லை. பழைய வடக்குத் துறைமுகத்தின் ஒரு பகுதிமேல் இன்றைய நகரம் நிற்கிறது.

புகாரில் கணக்கு இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. அங்கே நட்டிருந்த பனைமரத் தூணைக் கரிமம்-14 முறையில் ஆராய்ந்து கி.மு. 316 என்று காலம் சொன்னார்கள். கூடவே, கூட்டல் கழித்தல் 103 ஆண்டு. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரிமம்-14ஐ எடுத்துக்கொள்ளும். வெட்டியபின் புதிதாக எடுக்காது, உள்ளே இருப்பது சிதைந்து 5,730 ஆண்டுக்குப் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது வரும். 103 என்பது அளவீட்டின் தடுமாற்றம். அதனால் கி.மு. 419க்கும் 213க்கும் இடையில் என்று படிப்பதே நியாயம். கவனிக்க வேண்டியது, படகு கட்டிய அந்தத் துறை இன்று கடலோரத்தில் இல்லை, தரைக்குள் மண்மூடிக் கிடந்தது. படகுகள் வந்த ஆற்றுக் கால்வாய் தூர்ந்துபோயிருக்கிறது. பக்கத்து வானகிரியில் காவிரித் தண்ணீரைத் திருப்பிவிட்ட செங்கல் நீர்த்தேக்கமும், பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரையும் கிடைத்தன.

அதே புகாரின் கடற்கரையிலோ, அலை ஏறி இறங்கும் இடத்திலேயே செங்கல் சுவர்களும் சுடுமண் உறைகிணறுகளும் தெரிகின்றன. உறைகிணறு என்பது குடிதண்ணீருக்காகத் தோண்டுவது. அதைக் கடல் அலைக்குள் யாரும் இறக்கமாட்டார்கள். ஆக, ஒரு பக்கம் மண் மூடியது, இன்னொரு பக்கம் கடல் அரித்தது.

கடற்கரை என்பது வரவு செலவுக் கணக்கு. ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல் வரவு. அலையும் நீரோட்டமும் கரையோரமாக இழுத்துப் போவது செலவு. காவிரியின் வரவு பல நூற்றாண்டுகளாகவே பிரிந்துபோய்க்கொண்டிருந்தது. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்கு வழியும் குறைவு. வெள்ளம் அந்தப் பக்கமே பாய்ந்தது, காவிரியின் மடி மேடேறியது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதே இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான். பிறகு 1934இல் மேட்டூர் அணை வந்தது. ஒகேனக்கலிலிருந்து இறங்கும் ஆறு அணையின் தேங்கிய நீரில் நுழைந்ததும் வேகம் இழக்கிறது, சுமந்துவந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. 2017இல்தான் அணையை முதன்முறையாகத் தூர்வாரினார்கள். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைச் சேலம், தருமபுரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். கடல்கோளைக் காவியத்தில் தேட வேண்டாத மக்கள் அவர்கள்.

  

இப்போது பரபரப்புக்கு வருவோம். புகாரின் இன்றைய பெயரான பூம்புகாருக்கு வெளியே, கடலில் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவில் ஓர் அமைப்பு 1990களில் தென்பட்டது. தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வில் கிடைத்த தகவல் அது. 2001இல் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் அங்கே மூழ்கிப் பார்த்து, 10,000 ஆண்டுக்கும் முந்தைய நகரம் என்று எழுதினார். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, சுமார் 7,000 ஆண்டுக்கு முன்பே இன்றைய மட்டத்தை நெருங்கிவிட்டது. அதனால் அந்த இடம் ஒருகாலத்தில் நிலமாக இருந்தது உண்மை. ஆனால் நிலமாக இருந்ததால் நகரமாகவும் இருந்தது என்று ஆகிவிடாது. அதைச் சங்கப் புகாரோடு சேர்த்துக் கட்டுவது இன்னும் தவறு. அதே கடலில் மூழ்கிய ஒரு கப்பலில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பொறித்திருந்த ஆண்டுகள் 1791, 1792. கடலடியில் கிடைப்பவையெல்லாம் சோழர் காலத்தவை அல்ல.

புகாரின் வயதை நமக்குச் சொன்னது கடலடி அல்ல, கீழையூர் மண்ணில் கிடந்த ஒரு பனைமரத் தூண். அந்தச் சுற்றுவட்டாரத்து வயல்களுக்கு அடியில் இன்னும் தோண்டாத நிலம் நிறைய இருக்கிறது. கடலுக்குள் கப்பல் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கையாவது முதலில் அங்கே செலவிட வேண்டும்.