வடாம் பதத்தில் ஓர் உறை

ஜவ்வரிசி வடாம் போடத் தெரிந்தவர்களுக்கு, மக்கும் பைகளுக்கான மாவுச்சத்துப் படலத்தின் பாதிச் செய்முறை ஏற்கெனவே தெரியும். மரவள்ளி மாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால், ஏறக்குறைய 60–70 டிகிரி செல்சியஸில் மாவுத்துகள்கள் நீரைக் குடித்து உப்பி உடைகின்றன. உள்ளிருந்த அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற மூலக்கூறுச் சங்கிலிகள் விடுபடுகின்றன. கஞ்சியை மெல்லப் பரப்பி உலர்த்தினால், அவை ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தாளாகிவிடும்.

மடித்தால் நொறுங்கும் தாள்! அவ்வளவு இறுக்கமான பிடி. அதனால்தான் கிளிசரால் சேர்க்கிறார்கள். சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அது பிடியைத் தளர்த்துகிறது, தாள் வளைகிறது. அளவு மிஞ்சினால் பிசுபிசுக்கும்.

இந்தத் தாள் ஏன் மக்குகிறது? மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சுரக்கும் அமைலேஸ் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டிவிடும். நம் எச்சிலிலும் இருக்கும் நொதிதான் இது. பாலித்தீனின் கார்பன் முதுகெலும்பிடம் அது பலிக்காது.

உலர்ந்த நிலையில் இந்தப் படலம் ஆக்சிஜனை நன்றாகவே தடுக்கும். ஈரம்தான் எமன். சாம்பார் கட்ட உதவாது. காற்றின் ஈரத்திலேயே தளர்ந்துபோகும். எனவே கடைகளில் கிடைக்கும் மாவுச்சத்துப் பைகளில் பெரும்பாலும் பி.பி.ஏ.டி. என்ற மக்கும் பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். அது பொதுவாகப் பெட்ரோலிய மூலப்பொருளில் பிறப்பது என்பதை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. அத்தகைய பைகள் பலவும் முழுதாக மக்க, சூடும் ஈரமும் பராமரிக்கப்படும் உரக்கூடம் வேண்டும். வாய்க்காலில் வீசினால் அவ்வளவு சீக்கிரம் மறையாது.