பெண்ணுக்குக் கல்லூரி கிடைத்தது, தங்க இடம் கிடைத்ததா?

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும், டில்லியில் இருக்கும் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து டெலிபோன் வரத் தொடங்கிவிடும். "பெண்ணுக்கு டில்லியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது அண்ணா, நல்ல ஹாஸ்டலாக விசாரித்துச் சொல்லுங்கள்" என்பார் ஒருவர். "ஹாஸ்டல் எதற்கு, உங்கள் வீட்டிலேயே இருக்கட்டுமே" என்பார் இன்னொருவர். இது ஒரு பக்கம். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து படிக்கும் நம் பெண்கள், அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் எங்கே தங்குவது என்று விழிப்பது மறு பக்கம்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஐந்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜான்சியில் நான் இருந்த காலத்தில் என் மகள் டில்லியில் ஒரு மகளிர் கல்லூரி ஹாஸ்டலில் மூன்று ஆண்டுகள் இருந்தாள். பிற்பாடு நான்கு பெண்களுக்கு லோக்கல் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வகையில் தெரிந்துகொண்டவற்றை நம் அன்பர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன்.

கல்லூரி இடம் வேறு, ஹாஸ்டல் இடம் வேறு

முதலில் மனதில் கொள்ள வேண்டியது இது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் கல்லூரி ஒதுக்குகிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் ஹாஸ்டல் சேராது. அதற்கு அந்தந்தக் கல்லூரியில் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல், தனிக் கட்டணம். கல்லூரிக்குப் பணம் கட்டிவிட்டு ஹாஸ்டல் தானாக வரும் என்று காத்திருப்பவர்கள், பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கிய பிறகு அலைகிறார்கள்.

எல்லாக் கல்லூரியிலும் ஹாஸ்டல் கிடையாது. 1924இல் தொடங்கிய இந்திரப்பிரஸ்தா கல்லூரி, 1932இல் தொடங்கிய லேடி இர்வின், 1948இன் மிராண்டா ஹவுஸ், 1956இன் லேடி ஸ்ரீராம், 1960இன் தௌலத்ராம் ஆகிய மகளிர் கல்லூரிகளில் உண்டு. இவற்றில் லேடி இர்வின் மனையியலுக்கென்றே ஏற்பட்ட சிறிய கல்லூரி. மண்டி ஹவுஸ் அருகே சிக்கந்தரா ரோட்டில் கல்லூரியும் ஹாஸ்டலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பெரிய கல்லூரிகளிலோ ஆயிரக்கணக்கில் பெண்கள் படிக்க, ஹாஸ்டலில் சில நூறு பேருக்குத்தான் இடம்.

இன்னும் மூன்று விஷயங்களை விண்ணப்பம் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, வெளியூர்ப் பெண்களுக்கே முன்னுரிமை என்பதால், டில்லி முகவரி உள்ளவருக்கு அநேகமாக இடம் இல்லை. படிப்பின் நடுவில் தகப்பனாருக்கு மாற்றலானால் பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களா? இரண்டு, ஆண்டுதோறும் அறையைக் காலி செய்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா? மூன்று, 2022 முதல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டாகிவிட்டது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் பெற்று வெளியேறவும் செய்யலாம். நான்காம் ஆண்டும் படிக்க நினைக்கும் பெண்ணுக்கு ஹாஸ்டல் தொடருமா?

அரசு ஊழியர்கள் கவனிக்க: குழந்தைகள் கல்விப்படியோடு வரும் ஹாஸ்டல் மானியம் பிளஸ் டூ வரைதான். பட்டப்படிப்பு ஹாஸ்டல் செலவு முழுவதும் நம் கையிலிருந்துதான். மாற்றலான பிறகு படிப்பைக் காரணம் காட்டி ரயில்வே குவார்ட்டர்ஸைச் சிறிது காலம் வைத்துக்கொள்ள விதி உண்டு. ஆனால் முதல் 2 மாதம் கழிந்தால் இரட்டிப்பு வாடகை. அதுவும் மூன்று ஆண்டுப் படிப்புக்குத் தாங்காது.

வேறு வழிகள்

கல்லூரி ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் அடுத்தது பல்கலைக்கழகமே நடத்தும் மாணவியர் விடுதிகள். அவற்றில் பெரும்பாலானவை முதுகலை, ஆராய்ச்சி மாணவிகளுக்கு என்பதால் இளங்கலைக்கு உண்டா என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிகளைப் பலர் நினைக்கிறார்கள். பெயரே சொல்வதுபோல் அவை வேலைக்குப் போகும் பெண்களுக்கு. மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கு அவற்றை நம்ப முடியாது.

பெரும்பாலோர் கடைசியில் போவது பி.ஜி. எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதிக்கு. கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர் பக்கம் தெருவுக்குத் தெரு இவை உண்டு. வாடகையை மட்டும் கேட்டு ஒப்பிடாதீர்கள். மின்சாரத்துக்குச் சப் மீட்டர் உண்டா, யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார்கள், கோடை விடுமுறைக்கும் வாடகை உண்டா, முன்பணம் எப்போது திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத தங்குமிடத்தில் தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024 ஜூலையில் விலக்கு வந்துவிட்டது. அந்த வரியைச் சொல்லி யாராவது கூடுதலாகக் கேட்டால் காரணம் கேளுங்கள்.

உறவினர் வீடு? ஒரு மாதம், இரண்டு மாதம் சரி. மூன்று வருடம் என்றால் இரண்டு பக்கமும் மனத்தாங்கல் இல்லாமல் முடிவது அபூர்வம். செலவுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் உறவு நிலைக்கும்.

உள்ளே வாழ்க்கை

சிறிய மகளிர் கல்லூரி ஹாஸ்டலில் ஒரு நன்மை, யாரும் கூட்டத்தில் தொலைந்துபோவதில்லை. இரண்டு வேளை மெஸ்ஸுக்கு வராத பெண்ணை மூன்றாம் வேளை யாராவது தேடிப் போவார்கள். அறைக்கு இரண்டு பேர் அல்லது மூன்று பேர். கூட இருப்பவள் மணிப்பூர்ப் பெண்ணாகவும் இருக்கலாம், பீகார்ப் பெண்ணாகவும் இருக்கலாம். ஒருத்திக்கு இரவு இரண்டு மணி வரை விளக்கு வேண்டும், இன்னொருத்திக்குப் பத்து மணிக்கே தூக்கம் வரும். இதைப் பேசித் தீர்த்துக்கொள்வதே ஒரு படிப்பு. என் மகள் ஹிந்தி கற்றது பள்ளியில். ஹிந்தியில் வாதாடக் கற்றது ஹாஸ்டலில்.

சாப்பாடு வடக்கத்திச் சாப்பாடுதான். காலையில் பராத்தா, மதியம் ராஜ்மா சாதம், இரவில் சப்பாத்தி. முதல் மாதம் அழுகை வரும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள், அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. மெஸ் கமிட்டியில் மாணவிகளும் உண்டா என்று கேளுங்கள். எங்கள் பெண் கமிட்டியில் சேர்ந்து, வாரம் ஒருநாள் சாம்பார் சாதம் கொண்டுவந்தாள். டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு ரஜாய் கட்டாயம். அதை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ராகிங் பற்றிய பயம் பலருக்கு. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி மாணவியும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். 1800 180 5522 என்ற இலவச எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் புகார் செய்யலாம். இந்த எண் பெண்ணின் கையில் இருக்கட்டும்.

இன்ஜினியர் கண்ணுக்குப் படுபவை

இடம் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறைச் சோபாவையும் சுவர்ப் பெயிண்டையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். நான் முதலில் மாடிப்படியைப் பார்ப்பேன். 2023 செப்டம்பரில் முகர்ஜி நகரில் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்றில் தீப்பிடித்தது. மாடிப்படி அருகே இருந்த மீட்டர் போர்டில் பற்றிய தீ மேல் மாடிகளுக்கு ஏறியது. கட்டடத்துக்கு இருந்தது ஒரே படி. சுமார் 35 பெண்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். ஆகவே மீட்டர் போர்டு எங்கே, இரண்டாவது வழி எங்கே, மொட்டை மாடிக் கதவு இரவில் பூட்டியிருக்குமா, ஜன்னல் கம்பியை உள்ளிருந்து திறக்க முடியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். திருடனுக்காகப் போட்ட பூட்டு, தீ வந்தால் நம் பெண்ணுக்கு எதிரியாகிவிடும்.

அடுத்தது மின்சாரம். கெட்டில், இம்மர்ஷன் ராடு கூடாது என்று ஹாஸ்டலில் சொன்னால் பெண்கள் கோபப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 1500 வாட் கெட்டில், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறையில் இருக்கும் சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கு. பத்து அறையில் ஒரே நேரத்தில் போட்டால் 65 ஆம்பியர். பழைய ஒயர் சூடாகித்தான் தீரும். தடை நியாயமானது. ஆனால் தடை போடுகிறவர்கள் மாடிக்கு ஒரு பொதுக் கெட்டிலும் குளியலறையில் கீஸரும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராடு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வேலை செய்யும்.

தண்ணீர்: விடுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கட்டட விதிகளின் கணக்கு. நூறு பெண்கள் என்றால் 13,500 லிட்டர். டாங்க்கின் கொள்ளளவைக் கேளுங்கள். மே மாதத்தில் டாங்கர் வருகிறதா என்று அங்கே இருக்கும் மாணவியிடம் கேளுங்கள். நிர்வாகியைவிட அவள் உண்மையைச் சொல்வாள்.

கேட் மூடும் நேரம்

பெற்றோர் முதலில் கேட்பது, "கேட்டை எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?" சீக்கிரம் மூடினால் நல்ல ஹாஸ்டல் என்று ஒரு எண்ணம். பெண்கள் இதை ஒப்புவதில்லை. ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு, 2015இல் டில்லி மாணவிகள் 'பிஞ்ரா தோடு', அதாவது 'கூண்டை உடை', என்ற இயக்கத்தையே தொடங்கினார்கள். 2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான விதிகள் போடக்கூடாது என்று சொல்கின்றன.

என்னைக் கேட்டால், கேட் மூடும் நேரத்தைவிட, மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதே முக்கியம். நான் கையெழுத்திட்ட பெண்களில் ஒருத்திக்கு அக்டோபர் மாதம் ஒரு நடுநிசியில் கடும் காய்ச்சல். அறைத்தோழி ஓடிப்போய் வார்டனை எழுப்பினாள். வார்டன் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் செய்தார். டெங்கு என்று தெரிந்து ஐந்து நாளில் வீடு திரும்பினாள். இன்னொரு பெண் பி.ஜி.யில் இருந்தாள். அவளுக்கு இதேபோல் வந்தபோது, இரவு பூட்டின கேட்டின் சாவி, வேறு பேட்டையில் குடியிருக்கும் சொந்தக்காரரிடம் இருந்தது. விடியும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு இடத்திலும் கேட் மூடுவது ஒரே நேரத்தில்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "இரவு இரண்டு மணிக்கு என் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் எழுந்து வருவார்? சாவி எங்கே இருக்கும்? எந்த ஆஸ்பத்திரி?" தயங்காமல் பதில் வருகிற இடத்தில் பெண்ணை விடலாம்.

நம் கையெழுத்து

ஹாஸ்டல் விண்ணப்பத்தில் லோக்கல் கார்டியனின் போட்டோவும் மாதிரிக் கையெழுத்தும் கேட்பார்கள். ஊரிலிருந்து கேட்டால் நாம் தாட்சண்யத்துக்காகப் போட்டுவிடுகிறோம். அந்தக் கையெழுத்துக்குப் பொருள் உண்டு. பெண் இரவு வெளியே தங்க அனுமதி கேட்டால் நம்மிடம் விசாரிப்பார்கள். உடம்புக்கு வந்தால் முதலில் நம்மைக் கூப்பிடுவார்கள். ஹாஸ்டலைக் காலி செய்யும் நாளில் டிரங்குப் பெட்டி நம் வீட்டு லாஃப்டுக்குத்தான் வரும். ராத்திரி போனை எடுக்க முடியாதவர்கள், அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், தயவு செய்து முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் குற்றமில்லை.

போடுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழையுங்கள். வந்த பெண்ணிடம் குறுக்கு விசாரணை வேண்டாம். ரசம் சாதம் போட்டால் அவளே பேசுவாள். "மாமா, எனக்கு அங்கே பிடிக்கவில்லை" என்று ஒருத்தி என்னிடம் சொன்னது மூன்றாவது முறை வந்தபோதுதான். அறையை மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு குறிப்பு. சொந்த ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் கட்டணச் சலுகை உண்டு. கல்லூரியில் படிவம் வாங்கி முன்பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. தேர்வுத் தேதி தெரிந்தவுடன் நாளை எண்ணி வைத்துக்கொண்டால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பெர்த் கிடைக்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கார்டியனாக இருக்க மனமுள்ள குடும்பங்களின் பட்டியல் ஒன்றை, பேட்டைவாரியாக, ஜூன் மாதத்துக்குள் அலுவலகத்தில் எழுதி வைக்கலாம். கல்லூரிக்கு அரை மணியில் போய்ச் சேரக்கூடிய குடும்பம் எது என்று பார்த்துப் பெண்ணின் பெற்றோரிடம் சொல்லலாம். என் பெயரையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.