பழனி மொட்டை: கத்தி பிடிக்காத கைதான் கெட்டிக்காரக் கை!

பழனி அடிவாரம். தாய்மாமன் மடியில் ஒரு குழந்தை. இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. கையையும் காலையும் உதைத்து அழுகிறது. பாட்டி கிலுகிலுப்பை ஆட்டுகிறாள். பெற்றவள் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தையின் தலைக்கு மேலே பளபளவென்று மின்னுகிறது ஒரு கத்தி!

சில நிமிடங்கள்தான். முடி இறங்கிவிட்டது. ஒரு கீறல் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

திமிறுகிற தலையில் தீட்டிய கத்தி எப்படித் தவறாமல் ஓடுகிறது? அதில்தான் இருக்கிறது தொழில் சூட்சுமம்.

முருகனுக்கு முடி

பழனி மலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது பழனி நகரம். இங்கே முருகப் பெருமான் ஆண்டிக் கோலத்தில், கையில் தண்டத்துடன் நிற்கிறார். அவரைத் தேடி வருகிற பக்தர்கள் தங்கள் முடியைக் காணிக்கை ஆக்குகிறார்கள். சரவணப் பொய்கையிலும், சண்முக நதிக் கரையிலும் மொட்டை அடித்து, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகள்தான்!

முன்பு இதற்குக் கட்டணம் உண்டு. 2021 செப்டம்பரில் அறநிலையத் துறைக் கோயில்களில் அந்தக் கட்டணம் ரத்து செய்யப்பட்டது. முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் அறிவிக்கப்பட்டது.

தண்ணீர் செய்யும் வேலை

கத்தியை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். அந்தப் பாதி வேலையைச் செய்வது தண்ணீர்.

காய்ந்த முடி கம்பி போல் விறைப்பாக நிற்கும். கத்தியை எதிர்க்கும். தண்ணீரைக் குடித்த முடி ஊறிப் பருத்து மெதுவாகிவிடும். வெந்நீர் என்றால் இன்னும் நல்லது. அதனால்தான் தொழிலாளி தலையை நன்றாக நனைத்து, விரலால் பிசைந்து தேய்க்கிறார். அவசரப்பட்டு அரைகுறையாக நனைத்தால், கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் எரியும். எரிந்தால் தலை அசையும். அசைந்தால் ரத்தம்தான்!

இடது கையைப் பாருங்கள்

சவரம் செய்வதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கத்தியைத்தான் பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர் மற்றொரு கையைப் பார்ப்பார்.

அந்தக் கைக்கு இரண்டு வேலை. ஒன்று, தலையை அசையாமல் பிடிப்பது. இரண்டு, தோலை இழுத்து விறைப்பாக வைப்பது. தொளதொளத்த தோலில் மடிப்பு விழும். மடிப்பில் கத்தி மாட்டும். இழுத்துப் பிடித்த தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். காது ஓரத்தில் அந்தக் கையே காது மடலை மடக்கிக் காக்கும்.

குழந்தைக்கு மொட்டை என்றால் மூன்றாவது கையும் வேண்டும். அது தாய்மாமன் கை! மடியில் வைத்திருப்பவர் குழந்தையைப் பயந்து பயந்து பிடிக்கக் கூடாது. கெட்டியாக அணைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு சாய்வு?

கத்தியைத் தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதைவிடப் படுத்தால் முடியை இழுக்கும். நிமிர்த்தினால் தோலை வெட்டும். அழுத்தவே கூடாது. கத்தியின் கூர்மை வேலை செய்ய வேண்டும். கையின் பலம் அல்ல.

முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே கத்தி போக வேண்டும். முகத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். எதிர்ப் பக்கம் சொரசொரக்கும். ஆனால் உச்சந்தலையில் முடி சுழியாகச் சுற்றி வளர்கிறது. அங்கே கத்தியும் சுழியோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இரட்டைச் சுழி உள்ள தலை என்றால் இரண்டு மடங்கு கவனம்!

குழந்தையின் உச்சிக்குழி மேலே ஓடும்போது கத்தி பூப்போலப் போக வேண்டும். அந்த இடத்தில் மண்டை எலும்புகள் இன்னும் கூடியிருக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடுகிறது.

இந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாது. சவரம் கற்பவர்கள் ஊதிய பலூனில் சோப்பு நுரையைப் பூசி, கத்தியால் வழித்துப் பழகுவது உண்டு. அழுத்தினால் பலூன் ‘டமார்’ என்று வெடிக்கும். வெடிக்காமல் வழிக்கிற கைதான் மனிதர் மேல் வைக்கத் தகுந்த கை.

பழைய கத்தியும் புதிய பிளேடும்

அந்தக் காலத்து நாவிதரின் அடப்பத்தில் மடக்குக் கத்தி, சாணைக்கல், தோல்வார் எல்லாம் இருக்கும். கல்லில் தீட்டும்போது கத்தியின் வாய் முன்னே போகும். வாரில் தீட்டும்போது முதுகு முன்னே போகும். கத்தியைத் திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். வாய்ப் பக்கமாகப் புரட்டினால் வாரும் அறுபடும், கூரும் மழுங்கும்.

1904-ல் அமெரிக்கர் ஜில்லெட், தேய்ந்தால் தூக்கி எறியும் பிளேடு கொண்ட ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று தொழிலாளிகள் கையில் இருப்பது, அதுபோன்ற பிளேடில் பாதியை உடைத்து மாட்டும் கத்தி. தீட்டும் வேலை போய்விட்டது. பிடிக்கும் வித்தை மட்டும் மாறவில்லை.

ஒரு தலைக்கு ஒரு பிளேடு

பிளேடு வந்ததில் பெரிய நன்மை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் போதும், ஒருவர் ரத்தத்தில் உள்ள நோய்க்கிருமி கத்தி வழியாக அடுத்தவருக்குப் போய்விடும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி பொல்லாதது. உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள்வரைகூட உயிரோடு இருக்கும். கத்தியைத் துணியில் துடைத்தால் அது போகாது. ஒருவருக்குத் தேய்த்த படிகாரக் கல்லை மற்றவருக்குத் தேய்ப்பதும் ஆபத்துதான்.

ஆகவே உட்காரும்போதே, “அண்ணே, புது பிளேடு போடுங்க” என்று கேளுங்கள். கண் முன்னால் உறை பிரித்து மாட்டுவதைப் பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். அது அவருக்கும் பாதுகாப்பு.

கொடைக்கானல் போகிறீர்களா?

பழனியில் மொட்டை போட்டுவிட்டு, அப்படியே கொடைக்கானல் போகிற குடும்பங்கள் ஏராளம். மலைப்பாதையில் சுமார் 64 கிலோமீட்டர். ஏறக்குறைய 7,000 அடி உயரம். மேலே குளிர் அடிக்கும். அதனால் வெயில் உறைக்காது என்று நினைக்கக் கூடாது. உயரே போகப் போக, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களின் தீவிரம் அதிகம். பல நாளாக வெயில் படாத தலை, புதிதாக மழித்த தோல், சீக்கிரம் சிவந்து எரியும். குழந்தைக்குக் குல்லா, பெரியவர்களுக்குத் துண்டு அவசியம்.

இன்னொன்று. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று பலர் நம்புகிறார்கள். 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், சவரம் செய்வதால் முடியின் பருமனோ வேகமோ கூடவில்லை என்று கண்டு சொன்னார். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அங்கே எட்டுவதே இல்லை! மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால், முளைக்கும்போது தடிப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

வேண்டுதல் பக்தர்களுடையது. அதை ரத்தம் சிந்தாமல் நிறைவேற்றித் தருவது தொழிலாளியின் கை. அடுத்த முறை மொட்டைக்கு உட்காரும்போது, கத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தலையைப் பிடித்திருக்கும் அந்த இன்னொரு கையை நம்புங்கள்; ஆடாமல் இருந்து அதற்கு உதவுங்கள்!